.22 ரைபிளுக்குக் கைக்கடக்கமான விலையில் ஒரு ஸ்கோப்: வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, 2-7x32 ரிம்ஃபயர்

ஐயாயிரம் ராண்டுக்குள் .22 ரைபிளுக்கு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, தேடுகிறவர்கள் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது, பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தெரியும் கோளாறு, கீழே விளக்குகிறேன்) எத்தனை கெஜத்தில் பூட்டப்பட்டிருக்கிறது என்கிற ஒரு வரியைத்தான். எத்தனை மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் எவ்வளவு அகலம், உள்ளே சிவப்பு விளக்கு எரியுமா என்பதெல்லாம் அப்புறம். நான் வாங்கியது வோர்டெக்ஸ் கம்பெனியின் கிராஸ்ஃபயர் 2 வரிசையில் ரிம்ஃபயருக்கென்றே, அதாவது .22 போன்ற சின்னத் தோட்டா ரைபிள்களுக்கென்றே வரும் 2-7x32: 2 முதல் 7 மடங்குவரை பெரிதாக்கும், முன்லென்ஸ் 32 மில்லிமீட்டர். அதை ரைபிளில் மாட்டும் ரிங்கையும் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. கரும்பு வெட்டுகிற பருவம் முழுக்க அதை வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நல்ல சாமான். ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில். வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். டாக்டர் எழுதிக்கொடுக்கும் பவரைப் பார்த்து லென்ஸ் தேர்ந்தெடுப்பது, கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளப்பது, பிரேமில் பொருத்தி முகத்துக்குச் சரிசெய்து தருவது. இந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டதால், கண்ணாடி என்று எதைக் கையில் கொடுத்தாலும் ஓரம் எப்படி இருக்கிறது, நிறம் பிரிகிறதா என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ரைபிள் என் மாமனாருடையது. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த ப்ர்னோ மாடல் 2. வால்நட் கட்டை, ஐந்து தோட்டா மேகசின், குழாயின் மேல் தூரத்துக்கு ஏற்ப நகர்த்தும் இரும்புக் குறி. இந்த நாட்டில் நம்மவர்கள் வீடுகளில் இந்த ரைபிள் இன்னும் நிறைய இருக்கிறது.

மாமா காலமான பிறகு அதை யாராவது முறைப்படி தன் பேருக்கு மாற்ற வேண்டியிருந்தது. வீடு, நிலம் போல வாரிசுக்குத் தானாக வந்து சேராது. முதலில் தகுதிச் சான்றிதழ், அப்புறம் 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி லைசென்ஸ். எனக்குக் கிடைத்தது 15ஆம் பிரிவில், அதாவது எப்போதாவது வேட்டைக்கும் விளையாட்டுக்கும் சுடுகிறவர்களுக்கானது. பத்து வருஷம் செல்லும். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய, தரச்சான்று பெற்ற இரும்புப் பெட்டகம் கட்டாயம். ஒரு துப்பாக்கிக்குத் தோட்டா 200க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஸ்கோப்புக்கு மட்டும் எந்த லைசென்ஸும் வேண்டாம். அதனாலோ என்னவோ, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு ஸ்கோப்பை மட்டும் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

நானும் என் பதினாறு வயது மகனும் சுடுவது காகித இலக்கைத்தான். பெரும்பாலும் 50 மீட்டர், சில நாள் 25. அவனுக்கு 21 வயது ஆகும்வரை பொதுவாகச் சொந்த லைசென்ஸ் கிடைக்காது. நான் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால் என் ரைபிளால் சுடலாம். ஆக, ஒரே ஸ்கோப் இரண்டு ஜோடிக் கண்ணுக்கும் ஒத்துவர வேண்டும். அவனுக்குக் கண்ணாடி இல்லை. எனக்குத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் கண்ணாடி, கூடவே கொஞ்சம் சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசத்துக்கு, ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர்).

சரி, பேரலாக்ஸ். வீட்டு ஜன்னல் கம்பியை எதிரே தோட்டத்தில் நிற்கும் மாமரத்தோடு ஒன்றாக வைத்துப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் அசைத்தால் கம்பி மரத்தின் மேல் நகர்வது போலத் தெரியும். கம்பியும் மரமும் வேறு வேறு தூரத்தில் இருப்பதால் வருவது அது. ஸ்கோப்புக்குள்ளும் இதே சங்கதி. இலக்கின் பிம்பம் விழும் இடமும் குறுக்குக்கோடு இருக்கும் இடமும் ஒரே தளத்தில் இருந்தால் கண் எங்கே இருந்தாலும் கோடு இலக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். விலை குறைந்த ஸ்கோப்புகளில் இந்த ஒற்றுமையை ஒரே ஒரு தூரத்துக்கு மட்டும் கம்பெனியிலேயே அமைத்து மூடிவிடுகிறார்கள். மான் வேட்டை ரைபிளுக்கான ஸ்கோப்பில் அந்தத் தூரம் 100 கெஜம், சிலவற்றில் 150. ரிம்ஃபயர் ஸ்கோப்பில் 50 கெஜம், அமெரிக்காவின் லூபோல்ட் கம்பெனியின் ரிம்ஃபயர் மாடலில் 60.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முன்லென்ஸின் விட்டத்தில் பாதியை எடுங்கள். இலக்கின் தூரத்துக்கும் பூட்டிய தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, பூட்டிய தூரத்தால் வகுங்கள். கண் ஓரத்துக்குப் போய்விட்டால் தோட்டா எவ்வளவு விலகும் என்பதன் உச்சம் அது. 100 கெஜத்தில், அதாவது 91 மீட்டரில் பூட்டிய 40 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் 50 மீட்டர் இலக்கைச் சுட்டால் 9 மில்லிமீட்டர் வரை விலகலாம். 150 கெஜத்தில் பூட்டியதென்றால் 13 மில்லிமீட்டர் வரை. என் 32 மில்லிமீட்டர் ஸ்கோப் 50 கெஜத்தில் பூட்டியது, அதில் ஒன்றரை மில்லிமீட்டர்தான். சர்வதேசப் போட்டிகளில் வைக்கும் 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர். நடுவில் குறி வைத்துச் சுட்டாலும், கன்னம் கட்டையில் சரியாக ஒட்டவில்லை என்கிற ஒரே காரணத்துக்காகப் பத்து கைவிட்டுப் போகலாம். புதிதாகச் சுடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கன்னத்தை வைக்க மாட்டார்கள். ஆகவே இந்தக் குறை அவர்களைத்தான் அதிகம் படுத்தும். அவர்களோ தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். எங்கள் கிளப்பில் வயதில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், டார்னல் பக்கத்துக்காரர். "ரைபிளை மூட்டை மேல வெச்சுடும்மா. கைய எடுத்துடு. கண்ணை மட்டும் அப்படி இப்படி ஆட்டிப் பாரு, கோடு ஓடுதா நிக்குதா?" என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். கடையில் மூட்டை இருக்காது. நான் ஸ்கோப்பை இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஆடாமல் வைத்து, கதவுக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தின் கடைசியில் இருந்த பலகையைப் பார்த்தேன். சுமார் ஐம்பது அறுபது மீட்டர் இருக்கும். ஒரு பெரிய கடையில் 3-9x40 ஒன்றை இப்படிப் பார்த்தபோது குறுக்குக்கோடு பலகையில் எழுதியிருந்த எழுத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கே போய்விட்டது. அங்கே இருந்த பையன் அதைப் பார்க்க வேண்டாம் என்று 6-24x50 ஒன்றை எடுத்து நீட்டினான், விலையும் கிட்டத்தட்ட அதேதான். பேரலாக்ஸ் எத்தனையில் இருக்கிறது என்று கேட்டதற்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. பெட்டியிலும் இல்லை. .22க்கு ஸ்கோப் விற்கிற கடையில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். நான் கடைசியில் வாங்கிய கடையில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மா கேட்காமலே சொன்னார், மூன்று ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு என்னோடு வாசல்வரை வந்து வரிசையாகப் பார்க்கவும் விட்டார். அங்கேயே பணத்தைக் கட்டினேன்.

அந்த 6-24x50 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மாதிரி ஸ்கோப்தான் ஆன்லைனில் படம் போட்டுப் போட்டு விற்கிறார்கள், இளம்பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். முன்லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 50ஐ 24ஆல் வகுத்தால் 2.1 மில்லிமீட்டர். அந்தச் சின்ன வட்டத்துக்குள் கண்மணியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் கருப்பு. மேகம் போட்டால் படமே மங்கிவிடும். என்னுடையதில் 7 மடங்கில் 4.6 மில்லிமீட்டர், 4 மடங்கில் 8. கண்ணை வைத்த உடனே முழுப்படமும் வந்துவிடும். தவிர, பிப்ரவரி மாசம் காலை பத்து மணிக்கு மேல் எங்கள் பக்கத்துத் தரையிலிருந்து கிளம்பும் கானலில் 24 மடங்கு வைத்துப் பார்த்தால் இலக்கு தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். பெரிதாக்கும்போது கானலும் சேர்ந்துதானே பெரிதாகும். நல்ல கண்ணாடி போட்டு 24 மடங்கு செய்ய நிறையச் செலவாகும். மலிவு விலையில் அது கிடைக்கிறது என்றால் கண்ணாடியிலோ குறுக்குக்கோட்டை நகர்த்தும் திருகுகளிலோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

.22க்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்தத் தோட்டாவுக்கு உதை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பெரிய ரைபிளின் உதை தாங்குவதற்காக ஸ்கோப்பில் செய்யும் செலவு நமக்குத் தேவையில்லை. அந்தக் காசைக் கண்ணாடிக்கும் திருகுகளுக்கும் போடலாம். ஸ்பிரிங் ஏர்கன் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைத் தனக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பிரிங் ஏர்கன் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் உதைக்கும், சாதாரண ஸ்கோப்பை உள்ளுக்குள்ளேயே உடைத்துவிடும். அதற்கென்று சொல்லி விற்கிறதைத்தான் வாங்க வேண்டும்.

வோர்டெக்ஸின் கண்ணாடி எப்படி என்று கேட்டால், நடுவில் முக்கால் பாகம் தெளிவு. ஓரத்தில் லேசாகக் குழைகிறது, 7 மடங்கில்தான் தெரியும். வெள்ளைத் தாளின் விளிம்பில் ஊதா நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று வருகிறது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் கொஞ்சம் வெளிறும். இந்த விலைக்கு இது நியாயம். பக்கத்தில் வைத்துப் பார்த்த மற்ற இரண்டை விட நிறம் இயல்பாக இருந்தது. அவற்றில் ஒன்று எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டியது.

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்று. ஸ்கோப்பின் கண்பக்க லென்ஸைச் சுழற்றிக் குறுக்குக்கோட்டைக் கூர்மையாக்கலாம். கிராஸ்ஃபயரில் இது வேகமாகச் சுழலும் வளையம். பெரும்பாலானவர்கள் இலக்கைப் பார்த்துக்கொண்டே இதைத் திருப்புகிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்து வைக்க வேண்டும், சூரியன் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது. வேறெங்காவது தூரத்தில் பார்த்துவிட்டு, கண்ணை ஸ்கோப்புக்குக் கொண்டுபோய் இரண்டு விநாடி மட்டும் பார்க்க வேண்டும். பார்த்த உடனே கோடு கூர்மையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதிக நேரம் உற்றுப் பார்த்தால், இளம் கண்கள் தானே சரிசெய்துகொண்டு கூர்மையாகக் காட்டிவிடும். அந்த அமைப்பில் வைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் கண் வலிக்கும், தலையும் வலிக்கும். மகனுக்கு ஒரு இடம், எனக்கு ஒரு இடம். வளையத்தில் நகப்பூச்சால் இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன், சிவப்பு எனக்கு, வெள்ளை அவனுக்கு. ஆள் மாறும்போது ஒரே திருப்பு.

கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டு வளையத்தை வைத்துச் சமாளிக்கலாமா? வெறும் கிட்டப்பார்வை அல்லது தூரப்பார்வை மட்டும் என்றால் ஓரளவுக்குச் சமாளிக்கலாம். சிலிண்டர் பவர் இருந்தால் முடியாது. அந்த வளையம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும் உருண்டைப் பவரை மட்டும்தான் மாற்றும். சிலிண்டர் இருக்கிற கண்ணுக்குக் குறுக்குக்கோட்டில் படுக்கைக் கோடு கூர்மையாகத் தெரியும்போது நின்ற கோடு கலங்கும், நின்றதைக் கூர்மையாக்கினால் படுத்தது கலங்கும். உங்களுக்கு அப்படித் தெரிந்தால் ஸ்கோப்பைத் திருப்பிக்கொடுக்காதீர்கள், ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்லி அனுப்பிய இரண்டு மூன்று பேருக்கு எங்கள் கடையிலேயே புதுப் பவர் எழுதினோம். ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டே சுடுங்கள். அப்புறம், பைஃபோகலோ புரோகிரஸிவோ போட்டிருப்பவர்கள் மேல்பாதியில் உள்ள தூரப் பவர் வழியாகத்தான் பார்க்க வேண்டும். படுத்துச் சுடும்போது தலை சாய்ந்து, பார்வை கண்ணாடியின் மேல் ஓரத்துக்கோ மூக்கோரத்துக்கோ போய்விடும். பெஞ்சில் உட்கார்ந்து சுடும்போது அந்தத் தொல்லை குறைவு. அடிக்கடி சுடுகிறவர்கள் தூரப் பவர் மட்டும் போட்ட ஒரு பழைய பிரேமை ரேஞ்சுக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. இந்த ஸ்கோப்பில் கண்ணுக்கும் கடைசி லென்ஸுக்கும் இடையே சுமார் நான்கு அங்குலம் இடைவெளி கிடைக்கிறது. கண்ணாடி போட்டாலும் முட்டாது.

பொருத்துவதில் எங்கள் ப்ர்னோவுக்குச் சில தனிப் பிரச்சினைகள். ரைபிளின் மேலே 11 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு பக்கமும் வெட்டிய பள்ளம் இருக்கும். அதற்கான ரிங் வேறு, வீவர் என்கிற அகலமான தண்டவாளத்துக்கான ரிங் வேறு. கடைகளில் அதிகம் தொங்குவது வீவர்தான். பார்க்காமல் வாங்கினால் திரும்ப நடக்க வேண்டும். ஸ்கோப் குழாயின் குறுக்களவு ஒரு அங்குலமா 30 மில்லிமீட்டரா என்பதையும் பாருங்கள், இது ஒரு அங்குலம். 50 மில்லிமீட்டர் முன்லென்ஸ் வைத்த ஸ்கோப்பை இந்த ரைபிளில் மாட்டினால் ரைபிள் குழாயின் மேல் இருக்கும் இரும்புக் குறியில் இடிக்கும். இடிக்காமலிருக்க உயரமான ரிங் போட்டால் கன்னம் கட்டையை விட்டு மேலே போய்விடும். கன்னம் நிலையாக இல்லாவிட்டால் மேலே சொன்ன பேரலாக்ஸ் தொல்லை மறுபடி வந்து நிற்கும். 32 மில்லிமீட்டரும் நடுத்தர உயர ரிங்கும் மாமாவின் ரைபிளில் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தன. போல்ட்டைத் தூக்கும்போது கைப்பிடி கண்பக்க லென்ஸில் படாமல் ஒரு விரல் இடம் இருக்கிறது. ரிங் திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பலம் கொடுத்து முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

மாட்டிய பிறகு போல்ட்டைக் கழற்றிவிட்டு, ரைபிளை மூட்டை மேல் வைத்து, ரைபிள் குழாய் வழியாகவே 25 மீட்டர் இலக்கின் நடுவைப் பாருங்கள். அப்படியே ரைபிளை நகர்த்தாமல் குறுக்குக்கோட்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முதல் தோட்டாவே தாளில் விழும், தோட்டா வீணாகாது. 200 தோட்டாவுக்குள் வாழ வேண்டிய ஆட்களுக்கு இது முக்கியம். இந்த ஸ்கோப்பில் திருகின் ஒரு க்ளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரிக் கோணத்தில் அறுபதில் ஒரு பங்கு). 50 மீட்டரில் அது 3.6 மில்லிமீட்டர்.

திருகுகள் நம்பகமா என்று பார்க்க ஒரு வழி: 50 மீட்டரில் ஒரு மூன்று தோட்டா சுடுங்கள். மேலே 20 க்ளிக், சுடுங்கள். வலது 20, சுடுங்கள். கீழே 20, சுடுங்கள். இடது 20, சுடுங்கள். எப்போதும் குறி மட்டும் அதே இடத்தில். தாளில் ஒவ்வொரு பக்கமும் 73 மில்லிமீட்டர் இருக்கும் சதுரம் வந்து, கடைசி மூன்று முதல் மூன்றின் மேலேயே விழ வேண்டும். என்னுடையதில் சதுரம் சதுரமாகவே வந்தது, கடைசிக் குழு முதல் குழுவோடு கலந்துவிட்டது. கிளப்பில் ஒரு தம்பி கொண்டுவந்திருந்த பெயர் தெரியாத ஸ்கோப்பில் கடைசிக் குழு இரண்டு விரல் தள்ளி விழுந்தது, அப்புறம் இரண்டு தோட்டா சுட்டதும் தானாகக் கொஞ்சம் நகர்ந்தது. உள்ளே ஸ்பிரிங் வலுவில்லாத ஸ்கோப் இப்படித்தான் செய்யும். அதை வைத்துக்கொண்டு எந்தத் தோட்டா நல்லது என்று அவன் பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்தான், பாவம்.

தோட்டா பற்றி இரண்டு வார்த்தை. காகிதத்துக்கு 40 கிரெய்ன் எடை, சாதாரண வேகம் போதும். சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் விநாடிக்கு 1,070 அடி வேகத்தில் கிளம்புகிறது. ஒலியின் வேகத்துக்குக் கீழே இருப்பதால் சத்தமும் குறைவு, குழுவும் பெரும்பாலும் நெருக்கமாக விழும். அதே கம்பெனியின் மினி-மேக் 1,235 அடி. 50 மீட்டரில் ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டால் சாதாரணத் தோட்டா சுமார் 20 மீட்டரிலும் கோட்டைத் தொடும், இடையில் ஒரு விரல் அகலம்கூட மேலே போகாது. 75 மீட்டரில் நாலு விரல் கீழே. 100 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் கீழே. இந்த எண்களைத் தெரிந்துகொண்டால் 2-7 மடங்கு ஏன் போதும் என்பதும் புரிந்துவிடும். இந்தத் தோட்டாவின் வசதியான எல்லை அவ்வளவுதான். தோட்டா மாற்றினால் மறுபடி சரிபார்க்க வேண்டும், வேகம் மாறினால் விழும் இடமும் மாறும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. கரும்பு வெட்டும் பருவத்தில் தீ வைத்து எரிக்கும்போது கருஞ்சாம்பல் பறந்து வந்து துணி, கார், கோலம் போட்ட வாசல் என்று எல்லாவற்றின் மேலும் விழும். லென்ஸ் மேலும் விழும். அதைச் சட்டை முனையால் துடைத்தால் பூச்சு போயிற்று. சாம்பலில் மணல் போலக் கூர்மையான துகள்கள் இருக்கும். முதலில் ரப்பர் பந்தால் காற்றடித்து ஊதுங்கள், அப்புறம் மெல்லிய தூரிகை, கடைசியில்தான் லென்ஸ் துணி, அதுவும் ஒரு துளி லென்ஸ் திரவத்தோடு. கடையில் கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடிகளைத் தினம் பார்க்கிறேன். முக்கால்வாசி, காய்ந்த தூசியோடு துடைத்ததால் வந்தவை. கடல் ஈரம் இன்னொன்று. நைட்ரஜன் நிரப்பி மூடிய ஸ்கோப்பில் உள்ளே பனி படியாது. வோர்டெக்ஸ் அப்படித்தான் வருகிறது. விடிகாலையில் காரின் ஏசியிலிருந்து வெளியே எடுத்தால் வெளிப்பக்கம் படிகிறது, ஐந்து நிமிஷத்தில் போய்விடுகிறது. சிலர் 100 கெஜத்தில் பூட்டிய ஸ்கோப்பின் முன்வளையத்தைக் கழற்றி லென்ஸைத் திருகி 50க்குக் கொண்டுவருகிறார்கள். செய்ய முடிகிற காரியம்தான். ஆனால் அந்த நிமிஷமே நைட்ரஜன் போய்விடும். உள்நாட்டில் காய்ந்த காற்றில் தப்பிக்கலாம். இந்தக் கடலோரத்தில் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

குறை என்று பார்த்தால்: 7 மடங்கில், 50 மீட்டரில், வெள்ளைத் தாளில் விழுந்த ஓட்டை தெரிகிறது. கருப்பு வட்டத்துக்குள் விழுந்தது தெரியவில்லை. சுட்ட இடம் பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும் ஒட்டு இலக்குகளைப் பயன்படுத்துகிறோம், அல்லது யாராவது தனித் தொலைநோக்கி கொண்டுவந்திருப்பார்கள். மடங்கு மாற்றும் வளையம் புதிதில் கடுமை. குறுக்குக்கோடு தடிமனில் ஆரம்பித்து நடுவில் மெலிவது, காகிதத்துக்கு நடுப்பகுதி இன்னும் கொஞ்சம் மெல்லியதாக இருந்திருக்கலாம். 25 மீட்டரில் பேரலாக்ஸ் 7 மில்லிமீட்டர் வரை திரும்ப வருகிறது, அந்தத் தூரத்தில் நான் கன்னத்தை இன்னும் கவனமாக வைக்கிறேன்.

மற்றவற்றைப் பற்றி. பிரிட்டனின் ஹாக் கம்பெனி .22க்கென்றே கீழே கீழே குறி போட்ட குறுக்குக்கோடு தருகிறது, சாதாரணத் தோட்டாவுக்கு ஒன்று, வேகத் தோட்டாவுக்கு ஒன்று. பல தூரத்துக்கும் சுடுகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் குறிகள் கம்பெனி சொல்லும் ஒரே மடங்கில்தான் பொருந்தும், மடங்கை மாற்றினால் கணக்கு மாறிவிடும். லூபோல்ட் கையில் காசிருந்தால் வாங்கலாம், கண்ணாடி ஒரு படி மேலே, விலையும்தான். நிக்கோ ஸ்டர்லிங்கின் 4x32 போன்ற ஒற்றை மடங்கு ஸ்கோப் காசு குறைவாக இருப்பவர்களுக்கு நல்ல வழி. உள்ளே நகரும் பாகம் குறைவு, மலிவான 3-9ஐ விட நம்பலாம். பேரலாக்ஸை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். லிங்க்ஸ், ருடால்ஃப் இரண்டும் நம் நாட்டுப் பெயர்கள், வேட்டைக்காரர்களிடம் நல்ல பேர் உண்டு. .22க்கு எடுப்பதென்றால் பேரலாக்ஸ் மாற்றும் வளையம் உள்ள மாடலாகப் பாருங்கள். விரல் தடிமனில், முக்கால் அங்குலக் குழாயில் பொம்மை போல வரும் ஸ்கோப்புகள் ரைபிளோடு இலவசமாகக் கிடைத்தாலும் கழற்றி வைத்துவிட்டு இரும்புக் குறியிலேயே சுடலாம். மாமா அறுபது வயதிலும் அப்படித்தான் சுட்டார், நன்றாகவே சுட்டார்.

இந்த வோர்டெக்ஸை வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இரண்டு வகை ஆட்களுக்கு. 100 மீட்டரில்தான் அதிகம் சுடுவீர்கள் என்றால் இதில் பேரலாக்ஸ் 19 மில்லிமீட்டர் வரை போகும், முன்லென்ஸிலோ பக்கவாட்டிலோ தூரத்தை மாற்றும் வளையம் உள்ள 4-12 மடங்கு ஸ்கோப் பாருங்கள், இரண்டாயிரம் மூவாயிரம் ராண்ட் கூட ஆகலாம். 10, 15 மீட்டரில் ஆரம்பித்து எல்லாத் தூரத்திலும் இரும்பு உருவங்களைச் சுடும் போட்டிக்குப் போகிறவர்களுக்கும் அதே மாதிரிதான் வேண்டும். ஏர்கன்னுக்கென்று வரும் ஸ்கோப்புகளில் 10 கெஜம்வரை இறங்குகிறவை உண்டு, .22க்கும் தாராளமாகப் போடலாம். மற்றபடி 50 மீட்டர் தாள், வாரக்கடைசி, பழைய ப்ர்னோவோ, செக் நாட்டு சி.இசட். ரைபிளோ கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் எடுங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் ரைபிளின் பள்ளத்து அகலத்தையும், இரும்புக் குறி குழாயிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ரிங் ஒரே தடவையில் சரியாக அமைந்துவிடும்.